நோன்பு திறக்கும் வேளைக்கு மூன்று மருந்து

1

இது கேட்டு எழுதப்படும் கதை. சுகாதாரத் துறையினரின் கூட்டுப்பணி பற்றி விழா மலர் ஒன்றுக்குச் சந்தோஷமான சிறுகதை வேண்டுமென்று ஒருவர் தொலைபேசியில் கேட்டார். ஓமென்றேன். மறுநாள் அதே குழுவிலிருந்து இன்னொருவர் எடுத்து, அதே மலருக்கு, அதே விஷயத்தில் உருக்கமான கதை கேட்டார். முதலாமவர் கேட்டது அவருக்குத் தெரியாது. எனக்குத் தலை வெடித்தது. வெடித்த இடத்திலிருந்து வந்தவள்தான் நபீலா.

2

முதல் தொடக்கம்: கற்பிட்டிக் கடலில் அந்தி சாய்ந்த வேளையில், வெள்ளை உடுப்பணிந்த தேவதைகள் அந்த வைத்தியசாலை விடுதியில்...

(வேண்டாம். தேவதைப் பட்டம் கொடுத்துக் கொடுத்தே தாதியர் கேட்ட கதிரையைக் கொடுக்காமல் விட்டோம்.)

இரண்டாம் தொடக்கம்: நபீலாவின் வாப்பா ஹஸனுக்குச் சீனி வருத்தம். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து, கற்பிட்டிப் பக்கம் மாம்புரியில் வலை இழுத்த மனிதர். யார் சொன்னாலும் நோன்பை விடமாட்டார். காலையில் ஒரு குளிசை, மத்தியானம் ஒரு குளிசை, இரவு படுக்கமுன் ஓர் ஊசி.

இது போதும். தொடருவோம்.

3

நோன்பு மாதம் பிறந்தது. டொக்டர் கஜமுகன் நல்லவர். "ஐயா, காலைக் குளிசையை நோன்பு திறக்கேக்க போடுங்கோ" என்றார். மருந்து கொடுக்கும் யன்னலில் இருக்கும் தோமஸும் நல்லவர். "மத்தியானக் குளிசைய நோன்பு திறக்கிற நேரம் எடுங்க, நானா" என்றார். காலைக் குளிசை பற்றி அவர் யோசிக்கவில்லை. அது டொக்டரின் பாடு. ஊசி போடப் பழக்கிய தாதி மாக்கிறட் மூவரிலும் நல்லவர். "இரவு தறாவீஹ் தொழுதிட்டுக் களைச்சு வருவீங்கள். ஊசியையும் நோன்பு திறக்கேக்கயே போட்டிடுங்கோ" என்றார்.

(ஒரு கெட்டவனையாவது வைத்திருந்தால் எனக்கு வேலை சுலபம். உங்களுக்கும் திட்ட ஓர் ஆள் கிடைத்திருப்பான்.)

முதல் நோன்பு. ஒரு பேரீச்சம்பழம், இரண்டு மிடறு கஞ்சி, மூன்று மருந்து. ஹஸன் பள்ளிவாசலுக்கு ஓடினார். மஃரிப் முடித்து அங்கேயே இருந்து, இரவுத் தறாவீஹ் தொழுகையில் ஸுஜூதுக்குப் போனவர் எழும்பவில்லை. இமாம் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த பிறகும் நெற்றி தரையிலேயே இருந்தது.

"ஹஸன் நானா அழுது துஆ கேக்கிறாரு, கரச்சல் குடுக்காதீங்க" என்று பக்கத்தில் நின்றவர்கள் விலகிப் போனார்கள். நினைவில்லாத மனிதரின் பக்தியை மெச்சிக்கொண்டு நின்றார்களாம்! யாரோ தோளைத் தொட்டபோதுதான் சரிந்தார். வைத்தியசாலையில், இறங்கிப்போன சீனியை நாளத்துக்குள் ஏற்றியபின்தான் கண் திறந்தார்.

4

நபீலாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மூவரும் ஓரிடத்தில் நின்று ஒரே கதையைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த தடவை வாப்பா கண் திறக்கமாட்டார் என்று அவள் பயந்தாள்.

"டொக்டர், மாக்கிறட் மிஸ்ஸோட ஒருக்காக் கதைங்களேன்."

"நான் சொல்லிவிடுறன், தங்கச்சி." சொல்லிக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

மாக்கிறட்டிடம் போனாள். "டொக்டர் கேட்டால் சொல்லுவன், பிள்ளை. நானாப் போய்ச் சொல்லேலாது."

தோமஸிடம் போனாள். "எனக்கு இந்த யன்னல் மட்டும்தான், மகள்."

எழுதுகிறவன் நான்தானே, மூவரையும் கூட்டிவிடலாம் என்று இறங்கினேன். மழை பெய்ய வைத்தேன். டொக்டர் நனைந்தபடியே காரில் ஏறிப் போனார். தேநீர் வேளை வைத்தேன். டொக்டர்மாருக்கு ஓர் அறை, தாதிமாருக்கு வேறு அறை. தோமஸ் யன்னலுக்குப் பின்னால் நின்றபடியே குடித்தார். சுவரை இடித்துவிட்டால் என்ன என்று ஒரு பந்தி எழுதி, அதற்கு யாரின் அனுமதி வேண்டுமென்று...

(விட்டுவிட்டேன்.)

என் கதையில், என் ஆட்களை, என்னாலேயே ஒரு மேசைக்குக் கொண்டுவர முடியவில்லை. வெட்கமாக இருக்கிறது, அதைவிடக் கோபமாக இருக்கிறது.

5

வீட்டுக்கு விடும் நாள். மூவருக்கும் மனம் உறுத்தியது. மூவரும் திருத்தினார்கள், தனித்தனியாக. மற்ற இரண்டும் இருக்கிறதுதானே என்று டொக்டர் காலைக் குளிசையை நிறுத்தினார். அதே நினைப்பில் தோமஸ் மத்தியானக் குளிசையை விடச் சொன்னார். மாக்கிறட் ஊசியை விடச் சொன்னார். நேற்று அளவுக்கு மீறி மருந்து போன உடம்புக்கு இன்று ஒரு மருந்தும் இல்லை.

முடிவு அ: மூவரும் ஹஸனின் கட்டிலருகே சிரித்துக்கொண்டு படமெடுக்கிறார்கள்.

முடிவு ஆ: சீனி ஏறி, ஹஸன் பெருநாளுக்கு முன்...

"நிப்பாட்டுங்க" என்றாள் நபீலா. என்னிடம்தான். "அவங்க மூணு பேரும் ஆளுக்கொண்டு சொன்னாங்க. நீங்க ஒரு ஆளே ரெண்டு சொல்றீங்க. நாலு பேர்ல ஒருத்தராவது என்னையக் கேட்டீங்களா? மருந்து எடுத்துக் குடுக்கிறவ நான்."

இரண்டு முடிவையும் கோடிட்டு அடித்தேன்.

"வாப்பா நாளைக்கு நோன்பு பிடிப்பாரு. கையக் காலக் கட்டிப் போட்டாலும் பிடிப்பாரு. நோன்பு திறக்கிற நேரம் கைய நீட்டுவாரு. அந்தக் கையில நான் என்னத்த வைக்க?"

எனக்குத் தெரியாது. வைத்தியசாலைப் பொதுவாசலில் வாப்பாவைக் கதிரையில் இருத்திவிட்டு, வீட்டுக்கும் போகாமல், உள்ளேயும் வராமல் அவள் நிற்கிறாள். தெரிந்தவர்கள் போய்ச் சொல்லுங்கள். தயவுசெய்து ஆளுக்கொன்றாகச் சொல்லாதீர்கள்.