கொக்கியில் ஏறிய சாப்பாடு

நான் டவர் கிரேன் ஓட்டுகிறவள். தரையிலிருந்து என் கேபினுக்கு இருநூற்றுப் பத்து ஏணிப்படிகள். ஏறுவதில் எனக்குச் சிக்கல் இல்லை. இறங்கும்போதுதான் இடது முட்டிச் சில்லுக்கு அடியில் யாரோ திருப்புளியை விட்டுத் திருகுவது போலிருக்கும்.

அதனால் காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவேன். மதியச் சாப்பாட்டைக் கீழே சிக்னல் காட்டுகிற பீரங்கி ஒரு வாளியில் வைத்துக் கொக்கியில் மாட்டிவிடுவான். (அவன் பேசினால் வாக்கி டாக்கியே தேவையில்லை; அந்தப் பெயர் அப்படி வந்தது.) எட்டு டன் தூக்கும் கிரேன் ஒரு டப்பாச் சோற்றைத் தூக்கும். ஒரு வருஷம் இப்படியே ஓட்டினேன். மகா கெட்டிக்காரி என்று நினைப்பு வேறு.

ஒருநாள் வாளியிலிருந்து ஸ்பூன் நழுவி, பாதுகாப்பு அதிகாரியின் காலடி மண்ணில் போய்க் குத்தி நின்றது. ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் அவர் கதை முடிந்திருக்கும். வாளி, முட்டி வலி என்று எல்லாக் குட்டும் உடைந்தது.

“ரெண்டு மாசம் டைம் தரேன். நிக்காம ஏறணும், நிக்காம இறங்கணும். முடியலன்னா நிரந்தரமா ஸ்டோர் ரூம்தான்” என்று சொல்லி, கிரேன் சாவியை வாங்கிக்கொண்டார்.

பத்து வருஷம் கெஞ்சி, சண்டை போட்டு வாங்கிய இருக்கை அது. ஸ்டோரில் உட்கார்ந்து ஆணிக்கு ரசீது எழுதவா நான் பிறந்தேன்? மறுநாளே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

பிசியோதெரபி டாக்டர் என் தலையில் ஒரு பட்டையைக் கட்டி, ஈரப் பஞ்சு இரண்டைச் செருகி, வயர் மாட்டினாள்.

“வலி முட்டியில. வயர் எதுக்கு மண்டையில?”

“வலிக்குப் பயந்து உங்க மூளை முட்டியத் தாங்குற தொடைத் தசைய முழுசா வேலை செய்ய விடல. இந்தச் சின்ன கரண்ட் அதைக் கொஞ்சம் உசுப்பும். கூடவே உடற்பயிற்சியும் செஞ்சா பலன் கிடைக்கலாம். சத்தியம் பண்ண மாட்டேன், இன்னும் சோதிச்சுப் பாத்துட்டுத்தான் இருக்காங்க.”

“போச்சு. எனக்கு மூளை சரியில்லன்னு டாக்டரே சொல்லிட்டாங்கன்னு என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லப் போறாரு.”

உச்சந்தலையில் எறும்பு ஊர்ந்தது. இடது காலால் ஒரு பலகை மேல் நின்று, ஐந்து எண்ணும் வரை மெதுவாக இறங்கி, வலது குதிகாலால் தரையைத் தொட வேண்டும். நான் இரண்டிலேயே தொப்பென்று விழுந்தேன். மூன்று வாரமாக இதே கூத்து. வலி இம்மியும் குறையவில்லை. எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

“கிரேன்ல சுமைய இப்படித்தான் இறக்குவீங்களா?” என்றாள் டாக்டர்.

சுருக்கென்றது. கண்ணாடிப் பலகைகளைக்கூடச் சத்தம் வராமல் தரையில் வைக்கிறவள் நான்! என்னையா கேட்கிறாள்?

அன்று முதல் என் உடம்பைச் சுமையாக நினைத்து இறக்கினேன். வாரத்தில் மூன்று நாள் பட்டையும் வயரும். மற்ற நாட்களில் வீட்டு வாசற்படி. வீட்டுக்காரர் எதிரே நின்று பீரங்கி மாதிரியே கையசைப்பார்.

“கீழ... கீழ... இன்னும் ஒரு சாண்... ஏய், வேகம் வேணாம்... தொட்டுடுச்சு!”

“சிரிக்காம சிக்னல் குடுங்க. சுமை சாஞ்சா உங்க மேலதான் விழும்.”

ஆறாவது வாரம், போனில் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே ஆஸ்பத்திரி மாடிப்படி இறங்கினேன். கடைசிப் படியில்தான் உறைத்தது, முட்டி வலிக்கவே இல்லை. பாதி வாக்கியத்தில் திட்டுவதை நிறுத்திவிட்டேன். அவர் பயந்தே போய்விட்டார்.

சோதனை நாள். மதிய வெயில். அதிகாரி கடிகாரத்தோடு கீழே நின்றார். மூச்சு வாங்க ஏறிப் போய் என் இருக்கையைத் தொட்டேன். வாக்கி டாக்கியில் பீரங்கியின் குரல் கரகரத்தது.

“அக்கா, உங்க சாப்பாடு வந்திருக்கு. வழக்கம்போல வாளியில வெக்கட்டுமா?” பக்கத்தில் அதிகாரியை வைத்துக்கொண்டே கேட்கிறான், கொழுப்பைப் பாருங்கள்.

“வாளியத் தூக்கிக் கடாசுடா. நானே வரேன்.”

இறங்கினேன். ஐம்பதாவது படியில் திருப்புளியை எதிர்பார்த்தேன். வரவில்லை. நூறில் முட்டி லேசாக முணுமுணுத்தது. “கீழ... கீழ... வேகம் வேணாம்” என்று எனக்கே சிக்னல் கொடுத்துக்கொண்டேன். நூற்றைம்பதில் முணுமுணுப்பும் அடங்கியது. கடைசிப் படியிலிருந்து காலைத் தரையில் வைத்தபோது ஒரு சத்தமும் வரவில்லை. பீரங்கி போட்ட கூச்சல்தான் பக்கத்துத் தெரு வரைக்கும் கேட்டது.

அதிகாரி சாவியை நீட்டினார். பிறகு சட்டைப் பையில் துழாவி, நுனி வளைந்த என் ஸ்பூனை எடுத்தார்.

“இனிமே இது மேல போகக் கூடாது.”

“நானே கீழ வந்துடறேன் சார்” என்றேன்.

செங்கல் அடுக்கின் மேல் எல்லோரோடும் உட்கார்ந்து, அந்த வளைந்த ஸ்பூனாலேயே ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டேன். அமிர்தமாக இருந்தது. கை கழுவிவிட்டு மறுபடி ஏறினேன். சாயங்காலம் இறங்க வேண்டுமே என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.