நவமணி டீச்சர் வாங்கிய ஒலிப்பெட்டி

நவமணி டீச்சரின் கிதார் சத்தம் அவள் வாசித்த பசுமலையில் கேட்டதே இல்லை. பன்னிரண்டு மைலுக்கு அப்பால், சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால்களில்தான் கேட்டது. சொந்த நாட்டுக்குத் திரும்பிய மிஷன் அம்மாள் ஒருத்தி அந்தக் கிதாரை அவளிடம் விட்டுச் சென்ற 1936ஆம் வருடத்திலிருந்தே இதுதான் நிலைமை. விரலுக்கடியில் கம்பி அதிர்வது அவளுக்குத் தெரியும். காதில் ஒன்றும் விழாது. அவளுடைய அப்பா லாசர், கிறிஸ்தவ சபையில் மூப்பர். கோயிலில் பெண்பிள்ளை வாத்தியம் வாசிப்பதை ஒப்பாதவர். ஆனாலும் சத்தமே வராத வாத்தியத்தால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்று, பாடகர் வரிசையின் ஓரத்தில் அவள் உட்கார இடம் கொடுத்திருந்தார். பத்து வருடம் அப்படியே போயிற்று. அதற்குள் ஒரு யுத்தம் வந்து முடிந்தது, அரிசி ரேஷனுக்குப் போனது, லாசரின் தலை முழுக்க நரைத்தது. சோழவந்தானில் ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் அந்தச் சத்தத்தை வைத்தே மடை மாற்றிக்கொண்டிருந்தார்கள். மழை நாளில் அது சற்றுக் கம்மலாக வரும் என்பதைத் தவிர அவர்களுக்கு அதில் குறை இல்லை.

சோலையம்மாளுக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. அவள் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறவள். இலை வாங்க வந்த வியாபாரி ஒருவர், இது பசுமலைக் கோயிலில் பாடும் கீர்த்தனை என்று சொல்லவும், ஒரு கவுளி வெற்றிலையோடு ரயிலேறி வந்து, விசாரித்துப் பிடித்து நவமணியின் வாசலில் நின்றாள்.

"வாசிக்கிறது நீங்கதானா? நல்லாத்தான் இருக்கு. ஆனா மூணாவது அடியில ஒரு எடத்துல தடுக்குதே. வருசக் கணக்கா அதே எடம். சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன்."

நவமணிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "நான் வாசிக்கிறத நானே கேட்டதில்லக்கா," என்றாள்.

அன்றைக்கே அப்பாவிடம் போய், கிதாருக்கு ஓர் ஆம்ப்ளிஃபயர் பெட்டி வாங்கப் போவதாகச் சொன்னாள். லாசர் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்தார். "கேக்காத வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன். பொம்பளப்பிள்ள சத்தம் கோயிலுக்குள்ள கேக்கணுமாக்கும்?"

"அப்ப இம்புட்டு நாளும் என்னைய வாசிக்க விடலப்பா. சும்மா உக்கார விட்டிருக்கீக," என்று சொல்லிவிட்டு அவள் செருப்பை மாட்டினாள்.

கோரிப்பாளையத்தில் காதர் மைதீனின் மைக் செட் கடைக்குச் சோலையம்மாளும் கூடப் போனாள். கிதாரின் மரத்தில் சின்ன மைக் ஒன்றை ஒட்டி, கடைக்காரர் முதலில் பெரிய பெட்டியில் மாட்டினார். நவமணி கம்பியைத் தொட்டதும் போன மாதத்துக் கலியாண வாழ்த்துரை அதிலிருந்து வந்தது. பட்டாளத்திலிருந்து ஏலத்துக்கு வந்த இரண்டாவது பெட்டி, இங்கிலீஷில் எல்லோரையும் வரிசையில் நிற்கச் சொன்னது. "வாடகைக்குப் போன பெட்டியில பழைய சத்தம் தங்கிரும் டீச்சரம்மா," என்றார் காதர் மைதீன், ஈரப் பஞ்சில் தண்ணீர் இருக்கும் என்கிற மாதிரி. மூன்றாவது, பிஸ்கட் டின் அளவே இருந்தது. தோல் கைப்பிடி, கார் பேட்டரியில் ஓடுவது, இதுவரை யாரும் பேசாதது. "இதுல ரெண்டு ஓட்டை. ஒண்ணு மரக் கிதாருக்கு, ஒண்ணு கரண்ட் கிதாருக்கு. கரண்ட் கிதாரு நம்மூருக்கு இன்னும் வரல."

"வரட்டும் பாய். எடம் இருக்கட்டும்."

அதில் வாசித்தாள். முதல் தடவையாகத் தன் சத்தம் அவளுக்குக் கேட்டது. மூன்றாவது அடியில் தடுக்கியதும் கேட்டது. திரும்ப வாசித்தாள், தடுக்கவில்லை. சோலையம்மாள் முகம்தான் வாடியிருந்தது. "இனிமே எங்களுக்குக் கேக்காமப் போயிருமோ?" ஊருக்குப் போய்ப் பார்த்தாள், அங்கேயும் கேட்டது, தடுக்காமல்.

அடுத்த ஞாயிறு நவமணி பெட்டியைக் கோயிலுக்கு எடுத்துப் போனாள். முதல் அடி முடிவதற்குள் லாசர் எழுந்து வந்து ஒயரைப் பிடுங்கினார். சத்தம் நிற்கவில்லை. பேட்டரியைக் கழற்றினார். அப்போதும் நிற்கவில்லை. மகள் அவர் முகத்தைப் பார்த்தபடியே வாசித்துக்கொண்டிருந்தாள். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார். நவமணி இருந்த இடத்தைவிட்டு எழவில்லை. பாட்டு அவர் மார்பிலிருந்து வருவது போல் தெருவெல்லாம் கேட்டது. கோயில் பக்கமே வராதவர்கள்கூட வீட்டைவிட்டு வந்து அவர் பின்னால் நடந்தார்கள். கண்மாய்க் கரையேறி, பெட்டியைத் தண்ணீரில் வீசினார். அது மூழ்கியது, பாட்டு தண்ணீருக்கடியிலிருந்து இன்னும் தெளிவாக வந்தது.

பாட்டை முழுக்க முடித்துவிட்டுத்தான் நவமணி வந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, துழாவி, பெட்டியை எடுத்தாள். கரையேறி அப்பாவுக்கு எதிரே நின்றாள்.

"மறுபடி போடுங்க. மறுபடி எடுப்பேன்."

லாசர் ஊர்ச் சனத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "வீட்டுக்குப் போயி ஈரத்த மாத்து," என்றார்.

அதற்குப் பிறகு அந்தப் பெட்டி கோயிலிலேயே இருந்தது. அவள் வாசிக்கும்போதெல்லாம் அதிலிருந்து கண்மாய்த் தண்ணீர் சொட்டிற்று. பாட்டு முடிந்ததும் நின்றுவிடும். கோடையில் கண்மாய் வற்றிய பிறகும் சொட்டிற்று. சபையில் ஒரு சருவச்சட்டி வாங்கி அடியில் வைத்தார்கள். மதுரையிலிருந்து வந்த விருந்தாளி ஒருவர் இந்தச் சட்டி எதற்கு என்று லாசரிடம் கேட்டார்.

"தண்ணி சொட்டும்," என்றார் லாசர். "பேசாம கேளுங்க, பிள்ள வாசிக்குது."