இருந்தும் இல்லாத மருந்து

அல்பேனியர்களான எங்களுக்கும் செர்பியர்களுக்கும் நடந்த போர் ஓய்ந்த அந்த இலையுதிர் காலத்தில் எங்கள் ஊரில் எரியாமல் தப்பிய மருந்துக்கடை ஹலிமுடையது மட்டும்தான். கொசோவோ முழுக்கவே அப்போது கரண்டு வருவதும் போவதுமாக இருந்தது. காவலுக்கு வந்த வெளிநாட்டுக் கூட்டுப்படைக்காரர்கள் அவர் கடைக்கு ஒரு ஜெனரேட்டர் கொடுத்தார்கள். அவர்களுடைய லாரியில்தான் மருந்தும் வந்தது. சிப்பாய்களே பெட்டிகளை இறக்கி அடுக்கினார்கள். எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று படித்துச் சொன்னவள் ஹலிமின் மகள் மிர்வேத்தெ. அவள் படையில் மொழிபெயர்ப்பாளர் வேலையில் சேர்ந்திருந்தாள்.

ஊரில் மிஞ்சிய செர்பியக் குடும்பங்கள் தேவாலயத்து மேட்டில் ஒண்டிக்கொண்டிருந்தன. சுற்றிலும் முள்கம்பி, வாசலில் சிப்பாய்களின் காவல். அவர்கள் கடைத்தெருவுக்கு வரவேண்டுமென்றால் கவச வண்டியில்தான் வரவேண்டும். அப்படி ஒரு காலை சார்ஜென்ட் ஹால்வர் அழைத்து வந்தது ஸ்தோயாங்காவை. போருக்கு முன்பு அவள் ஹலிமின் எதிர்வீட்டுக்காரி. அவள் கணவர் ராதோமிர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், சர்க்கரை நோயாளி. இன்சுலின் தீர்ந்துபோய் இரண்டு நாளாக எதைக் குடித்தாலும் வாந்தி.

கடைக்குள் ஹலிம், ஸ்தோயாங்கா, ஹால்வர், மிர்வேத்தெ. எதிரே காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

ஸ்தோயாங்கா தலைகுனிந்து அல்பேனிய மொழியிலேயே கேட்டாள். "ஹலிம், அவருக்கு இன்சுலின் வேணும்."

ஹலிம் அவளைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்துப் பேசினார்.

"மருந்து இருக்கு. இவளுக்கு இல்ல. இவ ஆளுங்க என் பையன இழுத்துட்டுப் போனப்ப இவ வீட்டுக் கதவு திறந்துச்சா? இவ புருஷன் சாகட்டும். ஆள் இல்லாத வீடு எப்படி இருக்கும்னு இவளும் பாக்கட்டும்."

"என்ன சொல்றார்?" என்றார் ஹால்வர்.

மிர்வேத்தெ யோசிக்கக்கூட இல்லை. வார்த்தை தானாக வந்தது. "தீர்ந்துபோச்சாம். அடுத்த லாரி வந்ததும் தரேங்கறார்."

ஹால்வரின் முகம் சுருங்கியது. நல்ல மனுஷன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நாங்கதான் குறைச்சுக் கொண்டு வந்துட்டோம், எங்க தப்புதான்னு அந்த அம்மாகிட்ட சொல்லு. மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு. எங்க ஆஸ்பத்திரியில கேட்டு நாளைக்குள்ள வாங்கித் தரேன்."

அதையும் அவள் சொல்லத்தான் வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் காதால் கேட்டு நின்ற ஒருத்தியிடம், செய்யாத தப்புக்கு ஒருவர் கேட்ட மன்னிப்பைச் சொன்னாள். சொல்லும்போதே காது மடல் எரிந்தது. ஸ்தோயாங்கா ஒரு கணம் அவளையே பார்த்துவிட்டு, சார்ஜென்டிடம் தலையசைத்தாள். அவளும் காட்டிக்கொடுக்கவில்லை.

வண்டி கிளம்பியது. உள்ளே மிர்வேத்தெவுக்கும் ஸ்தோயாங்காவுக்கும் எதிரெதிர் இருக்கை. முட்டியோடு முட்டி இடிக்கும்.

"உங்கப்பா பேசினதுல எனக்குக் கோபமில்ல, பொண்ணே," என்றாள் ஸ்தோயாங்கா. "பிள்ளையப் பறிகொடுத்தவரு. நீ ஏன் மாத்திச் சொன்ன?"

"அப்பாவோட மானம் போயிடும்னு."

"நாளைக்கு வரைக்கும் அவர் தாங்குவாரான்னு எனக்குத் தெரியல. உங்கப்பாவோட மானம் என் புருஷன விடப் பெருசா?"

குத்தலே இல்லை அந்தக் குரலில், விலை விசாரிப்பவள் போலத்தான் கேட்டாள். மிர்வேத்தெவுக்கு அதற்குமேல் உட்கார முடியவில்லை. ஹால்வரின் தோளைத் தட்டினாள்.

"வண்டியத் திருப்புங்க. நான் பொய் சொல்லிட்டேன். மருந்து இருக்கு. இவங்களுக்குத் தரமாட்டேன்னு சொன்னார்."

ஹால்வர் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்ப நான் மன்னிப்புக் கேட்டது?" என்று மட்டும் கேட்டார். ஓட்டுநரிடம் கையைச் சுழற்றிக் காட்டினார்.

திரும்பிப் போனபோது ஸ்தோயாங்கா இறங்க மறுத்துவிட்டாள். "இன்னொரு தடவை என்ன அவர் முன்னாடி நிறுத்தாதீங்க." மிர்வேத்தெவும் ஹால்வரும் மட்டும் உள்ளே போனார்கள்.

ஹலிமுக்கு வண்டிச் சத்தத்திலேயே புரிந்துவிட்டது. "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்பா."

"நீ எனக்குப் பொண்ணா, இல்ல இவனுங்களுக்கு வாயா?"

"உங்க பொண்ணுங்கறதாலதான் முதல்ல பொய் சொன்னேன்."

ஹால்வர் நினைத்திருந்தால் தானே குளிர்பெட்டியைத் திறந்து எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. துப்பாக்கியை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, மேசை மேல் கையை ஊன்றி நின்றார். "யாருக்கு நோவோ அவங்களுக்குத்தான் இது. அப்படிச் சொல்லித்தான் இறக்கினோம். இதை மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் வேணாம்."

அவள் சொன்னாள். ஹலிம் ஜெனரேட்டர் ஓடும் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு குளிர்பெட்டியைத் திறந்து, ஒரு டப்பாவைத் துணியில் சுற்றிப் பனிக்கட்டியோடு பொட்டலம் கட்டினார். மகளிடம் கொடுக்கவில்லை. தானே தெருவில் இறங்கினார்.

காப்பிக் கடையிலிருந்து ஒரு குரல் வந்தது. "என்ன ஹலிம், மேட்டுக்காரங்களுக்கு வீடு தேடி சப்ளையா?" சிரித்தார்கள். அவர் கழுத்து சிவந்தது. நடையை நிறுத்தவில்லை.

வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. பொட்டலத்தை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்ட பிறகும் அங்கேயே நின்றார்.

"பையன இழுத்துட்டுப் போன ராத்திரி உன் வீட்டு ஜன்னல் திரை அசைஞ்சத நான் பாத்தேன், ஸ்தோயாங்கா."

அவள் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டாள். "ஆமா. நான்தான். பாத்தேன், பாத்துட்டு இழுத்து மூடினேன். ராதோமிர் எழுந்து வந்து என்ன சத்தம்னு கேட்டார். நாய்னு சொன்னேன்."

ஹலிம் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"பையன பால் வண்டில ஏத்தினாங்க," என்றாள். "குவாரிப் பக்கம் போச்சு. காலியாத் திரும்பி வந்துச்சு. ஓட்டினவன் யாருன்னும் தெரியும். யாராவது கேட்டா சொல்லணும்னு இருந்தேன். யாரும் கேக்கல. கேக்காம இருந்தது எனக்கு வசதியாவும் இருந்துச்சு."

அல்பேனிய மொழியிலேயே பேசிக்கொண்டதால் மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை. ஹால்வர்தான் மிர்வேத்தெவின் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார். அவள் ஒரு சொல் விடாமல் சொன்னாள்.

பனி விழுமுன் குவாரியில் தோண்டினார்கள். கூட்டுப்படைச் சிப்பாய்கள் சுற்றி நிற்க, தடயம் தேடும் வெள்ளை உடுப்புக்காரர்கள் மண்ணைச் சலித்து எடுத்தார்கள். ஹலிமின் மகன் ஃபதோஸ் தனியாக இல்லை; அவனோடு வேறு வீட்டுப் பிள்ளைகளும் கிடந்தார்கள். பச்சைக் கம்பளிச் சட்டையை வைத்து ஹலிம் மகனை அடையாளம் சொன்னார்.

ஸ்தோயாங்கா பேசிய விஷயம் மேட்டுக்குத் தெரிந்ததும் அங்கே அவளோடு பேச்சு வார்த்தை நின்றது. அவர்கள் வீட்டு ஜன்னலில் கல் விழுந்தது. எறிந்தவர்கள் மேட்டிலிருந்த அவர்கள் இனத்துக்காரர்களே. ராதோமிர் நடக்கத் தேறியதும் கூட்டுப்படை வண்டி அவர்கள் இருவரையும் எல்லை தாண்டிக் கொண்டுபோய் விட்டது. ஹலிம் வழியனுப்பப் போகவில்லை. போகக் கிளம்பிச் சட்டையும் மாற்றினார், தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டார் என்று மிர்வேத்தெ சொன்னாள்.

ஃபதோஸை அடக்கம் செய்த பிறகு துக்கம் கேட்க வந்தவர்களால் வீடு நிறைந்தது. ஆண்கள் அறையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தோம், புகையும் காப்பியுமாக. நானும் இருந்தேன். கறிக்கடை ஜெனுன் எல்லாருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தான்.

"ஹலிம் அண்ணன் சாமர்த்தியம் யாருக்கு வரும்? ஒரு மருந்து டப்பாவக் காட்டியே கிழவி வாயத் திறக்க வெச்சிட்டாரே! நம்ம பிள்ளைங்க எல்லாரும் கெடச்சது அண்ணனாலதான்."

ஆமாம் ஆமாம் என்றார்கள். பிள்ளை கிடைத்த மற்ற தகப்பன்மார்களில் ஒருவர் எழுந்து வந்து ஹலிமின் கையைப் பிடித்து முத்தமிடக் குனிந்தார். ஹலிம் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"நானாக் குடுக்கல," என்றார்.

"என்னண்ணா?"

"முதல்ல கேட்டப்ப இல்லன்னேன். அவ புருஷன் சாகட்டும்னேன். மருந்து அங்கதான், என் முதுகுக்குப் பின்னாடிதான் இருந்துச்சு."

"துக்கத்துல ஏதோ பேசறார்," என்றான் ஜெனுன் மெதுவாக.

"துக்கமில்லடா. தெளிவாத்தான் சொன்னேன். சொல்லும்போது நல்லாவும் இருந்துச்சு." இழுத்த கையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டார். "என் பொண்ணு அதை மறைக்கப் பாத்தா. அந்த வெளிநாட்டுக்காரன் எனக்காக ஸ்தோயாங்காகிட்ட மன்னிப்புக் கேட்டான். அவளும் என்னக் காட்டிக்கொடுக்கல. இப்ப நீங்க வந்து என் கையில முத்தம் குடுக்கறீங்க."

குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். அவரை உட்காரச் சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு ஹலிமின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்று காப்பிக் கடையில் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அதைச் சொல்ல அந்த அறையில் எனக்கு வாய் வரவில்லை.