காற்று அடங்கும் வரை

விடிந்ததும் மங்களம் முதலில் பார்ப்பது செங்கல் சூளையின் புகையைத்தான். செராங்கூன் சாலைக்குப் பின்னால், மாடுகள் மேயும் தாழ்ந்த வெளிக்கு அப்பால் அந்தச் சூளை இருந்தது. வாடைக்காற்று வீசும் நாட்களில் புகை துறைமுகத்தின் பக்கம் சாய்ந்து கிடக்கும். அது சாய்ந்திருக்கும் வரை, அவள் பாலூட்டும் கைப்பிள்ளை அப்துல் அலீம் அவளிடம் இருப்பான்.

கார்த்திகையில் மங்களத்துக்குப் பிறந்த ஆண் குழந்தை அழாமலே போயிற்று. அதே வாரம், ஜாலான் புசார் முனையில் மளிகைக்கடை வைத்திருந்த அப்துல் முத்தலிபின் மனைவி ஆயிஷா பிள்ளையைப் பெற்றுவிட்டு இறந்துபோனாள். மங்களத்தின் கணவன் வேலாயுதம் அந்த வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவன். முத்தலிப் துணியில் சுற்றிய பிள்ளையோடு மாட்டுக்கொட்டகை வாசலில் வந்து நின்றார். மங்களம் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

“பாய் வீட்டுப் புள்ளைக்கா குடுக்கிற?” என்றாள் பக்கத்துக் கொட்டகைப் பூவம்மா.

“அது வாயத் தொறந்து யார் வீடுன்னு சொல்லலக்கா. பசின்னுதான் சொல்லிச்சு.”

தை பிறந்தபின் முத்தலிபின் அக்கா நூருன்னிசா நாகூரிலிருந்து வந்து இறங்கினாள், தம்பி பிள்ளையை ஊருக்குக் கொண்டுபோக. வரும் வழியெல்லாம் வாந்தி எடுத்து அரை ஆளாகியிருந்தாள். அவளுடைய வாப்பா பாய்க்கப்பல் ஓட்டியவர். வாடை ஓயாமல் கைக்குழந்தையைக் கப்பலில் ஏற்றுவதில்லை என்பது அந்த வீட்டு வழக்கம்.

“லாத்தா, இது நெருப்புல ஓடுற கப்பல். காத்து அடிச்சா என்ன, அடிக்காட்டி என்ன?” என்றார் முத்தலிப்.

“நெருப்பு கப்பலுக்குடா. அலை புள்ளைக்கு. காத்து அடங்கட்டும்.”

பார்த்தேயிராத அந்தக் கிழவருக்கு மங்களம் மனதுக்குள் கும்பிடு போட்டாள்.

நூருன்னிசா தினமும் பிற்பகலில் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு பிள்ளையைப் பார்க்க வருவாள். மங்களம் பால் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

“எங்க மார்க்கத்துல பால் குடுத்தவளும் உம்மாதான், தெரியுமா? நாளைக்கு உனக்குப் பொண்ணு பொறந்தா அவ இவனுக்குத் தங்கச்சி. கட்டிக்க முடியாது.”

“அப்ப ஒரு நல்ல சம்பந்தம் போச்சேன்னு சொல்லுங்க.”

“மாடு மேய்க்கிற மாமனார் தப்பிச்சாரு. சீர் கேட்டே கொன்னுருப்போம்.”

இருவரும் சிரித்தார்கள். தென்னங்கீற்றுகள் எல்லாம் ஒரே பக்கம் வாரிவிட்டதுபோல் இருந்தன. மங்களம் முந்தானையை இழுத்துப் பிள்ளையின் காதை மூடினாள்.

அவளுடைய ஊரில் வெயில் ஏறப் பல நாட்கள் பிடிக்கும். முதலில் பகல் காயும், இரவில் பனி நிற்கும். இங்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தாள். மாசி முடியும் முன் ஒரு காலையில் எருமைகள் தாமாகவே சேற்றுக் குட்டைக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டன. கீற்றுகள் தொங்கின. சூளைப் புகை கம்பம்போல் நேராக நின்றது.

அன்று பிற்பகல் நூருன்னிசா வந்து, “காத்து நின்னு போச்சு போலிருக்கே?” என்றாள்.

“இல்ல லாத்தா. இந்தப் பக்கம் இன்னும் குளிருது.”

அவளுடைய நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து பிள்ளையின் கன்னத்தில் விழுந்தது. நூருன்னிசா துப்பட்டி முனையால் பிள்ளையின் கன்னத்தைத் துடைத்தாள். பிறகு மங்களத்தின் நெற்றியையும் துடைத்தாள்.

இரண்டு நாள் கழித்து முத்தலிப் கப்பலுக்குச் சீட்டு எடுத்தார்.

பிள்ளையைப் பசும்பாலுக்குப் பழக்க வேண்டியிருந்தது. மங்களம் கண்ணில் படாமல் பின்கட்டில் இருக்க, நூருன்னிசா மடியில் போட்டுப் பாலாடைக் கிண்ணத்தால் புகட்டினாள். பிள்ளை முகத்தைத் திருப்பியது, துப்பியது. மறுநாளும் அப்படியே. இரவில் மங்களத்திடம் வந்து ஒட்டிக்கொண்டு குடித்தது.

“இப்படியே இருந்தா எப்படிக் கூட்டிட்டுப் போறது?” தம்பியிடம் பேசிய நூருன்னிசாவின் குரல் இறங்கியிருந்தது. “நாளைக்கும் குடிக்கலன்னா சீட்டைத் திருப்பிக் குடுத்துடுடா. நான் மட்டும் போறேன். பால் மறந்தப்புறம் பாத்துக்கலாம்.”

சுவருக்குப் பின்னாலிருந்த மங்களம் இதைக் கேட்டாள். வாயை இறுகப் பொத்திக்கொண்டாள். சந்தோஷம் வெளியே கேட்டுவிடக் கூடாது.

மறுநாள் காலையிலிருந்து பிள்ளை அழுதது. உச்சி வெயிலில் தகரக்கூரை காய்ந்தது. அழுகை மெலிந்து, விட்டுவிட்டு வந்தது. மங்களத்தின் ரவிக்கை நனைந்துபோயிற்று. அங்கே இருக்க முடியாமல் கொட்டகைக்குப் போனாள்.

வேலாயுதம் கறக்க உட்கார்ந்திருந்தான். செவலைப்பசுவின் கன்று தையில் செத்துவிட்டது. அதன் தோலை உரித்து, வைக்கோல் அடைத்து, தைத்து வைத்திருந்தான். அதை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினால்தான் பசு பாலை இறக்கும். மங்களம் எப்போதும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். அன்று பார்த்தாள். கண்ணில்லாத, கால் கோணிய கன்று. பசு கண்ணை மூடி, மோந்து மோந்து, நக்கியது. செம்பில் பால் விழும் சத்தம் கேட்டது.

“ஏன் அழுவுற?” என்றான் வேலாயுதம்.

அவள் வீட்டுக்குள் போனாள். முந்தின நாள் கட்டி அவிழ்த்த சேலை கொடியில் துவைக்காமல் கிடந்தது. எடுத்து முகத்தில் ஒருமுறை வைத்துப் பார்த்தாள். பாலும் வேர்வையும் சாணமும் கலந்த வாசனை. அதை நூருன்னிசாவிடம் நீட்டினாள்.

“இதச் சுத்திக்கிட்டுக் குடுங்க லாத்தா.”

நூருன்னிசா அவளை நிமிர்ந்து பார்த்தாள். “யோசிச்சுத்தான் தர்றியா?”

“புள்ள பசியில கெடக்குது.”

நூருன்னிசா சேலையைத் தோளைச் சுற்றிப் போட்டு, பிள்ளையை அதற்குள் அணைத்துக்கொண்டாள். பிள்ளை முகத்தைத் துணியில் தேய்த்தது. விம்மியது. பாலாடை உதட்டில் பட்டதும் உறிஞ்சியது. முழுவதும் குடித்தது.

கப்பல் நாளன்று மாட்டுவண்டி வாசலில் நின்றது.

“ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் துவைச்சிடாதீங்க.”

“தொழுவுறப்ப மாத்திக்கிறேன். பால் குடுக்கிறப்ப இதான். போதுமா?” நூருன்னிசா அவள் மோவாயைப் பிடித்தாள். “இவன் உம்மா இங்க இருக்கான்னு சொல்லித்தான் வளப்பேன்.”

பிள்ளை சேலை மடிப்புக்குள் தூங்கியிருந்தது. வண்டி திரும்பும்போதும் விழிக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் மங்களம் வாசலுக்கு வந்து சூளைப் புகையைப் பார்த்து நின்றாள். பால் கட்டிய மார்பு கல்லாக வலித்தது. வேலாயுதம் பால் தவலையைத் தோளில் ஏற்றிக்கொண்டே, “இன்னும் எதுக்கு அதப் பாக்குற?” என்றான்.

“சாயாம இருக்கான்னு பாக்குறேன்,” என்றாள். “புள்ள கடல்ல இருக்குல்ல.”

புகை நேராக மேலே போனது. அவள் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.