மூன்றாம் தண்ணீர்

"என்னைச் சொல்லி முடிக்க விடு, ஸ்ரெல்லா. சங்கத்துக்குத் தலைவி நான். தலைவிதான் கையெழுத்து வைக்கோணும் எண்டு பிரதேச செயலகத்திலை..."

"வை. ஆர் வேண்டாமெண்டது? நாளைக்கு நீ கையெழுத்து வை, நான் நண்டுக்கோது கழுவுறன்."

குருநகர் நண்டுக் கொட்டிலில் நின்ற பெண்கள் குனிந்த தலை நிமிரவில்லை. யசிந்தாவும் ஸ்ரெல்லாவும் சின்ன வயதில் ஒரே நாளில் தேவாலயத்தில் முதல் நன்மை எடுத்தவர்கள். அவர்களுடைய சண்டைக்குள் ஒருவரும் தலை கொடுப்பதில்லை.

நாளைக்குப் புத்தூரில், நண்டின் ஓடான கோதை வெங்காயத்துக்கு உரமாக்கும் ஒப்பந்தம். கோது குருநகர்ப் பெண்கள் சங்கத்தினுடையது, வெங்காயப் பாத்தி புத்தூர்க் கமக்காரப் பெண்களுடையது, கோது அரைக்கிற மெசின் கொழும்புக் கொம்பனியுடையது, அதை வைக்கிற கட்டடம் பிரதேச செயலகத்தினுடையது. ஐந்து வருடத்துக்கு முன் இந்த நாலு தரப்பில் ஒன்றும் இல்லை. கரையில் நாறிக் கிடந்த கோதை உரப்பையில் கட்டி, பஸ்ஸில் சனம் மூக்கைப் பொத்தப் பொத்தப் புத்தூருக்குக் கொண்டுபோனவள் ஸ்ரெல்லா. அங்கே தன் பாத்தியில் போட்டுப் பார்த்தவள் கமக்காரி மகாதேவி. உப்பு இறங்கினால் வெங்காயம் கருகும், நல்ல தண்ணீரில் மூன்று தரம் அலசவேண்டும், பிறகு ஒரு கோதை நாக்கில் வைத்துப் பார்க்கவேண்டும் என்பதை இருவருமாக ஒரு பாத்தியைப் பாழாக்கித்தான் படித்தார்கள்.

கையெழுத்தை யார் வைத்தாலும் ஸ்ரெல்லாவுக்கு என்ன? அவளுக்கு எரிந்தது வேறு. முந்தநாள் அவள் பௌசர் வண்டியில் வந்த நல்ல தண்ணீரில் கோது அலசிக்கொண்டிருந்தபோது யசிந்தாவின் போன் அடித்தது. "ஓம் மகாதேவி அக்கா" என்றபடி யசிந்தா வெளியே போனாள். சிரித்தாள். கால் மணித்தியாலம் கதைத்தாள். ஸ்ரெல்லாவின் நம்பர் மகாதேவியிடம் இல்லையா? எப்போதிருந்து இவளுக்கும் அக்கா?

அதற்குப் பிறகு அவளுக்குக் கை ஓடவில்லை. பத்துப் பைக் கோது மூன்று தண்ணீரும் கண்டிருந்தது. மிச்சப் பத்தும் ஒரு தண்ணீரோடு வெயிலுக்குப் போனது. போகட்டும், அவவின் புதுத் தங்கச்சி பதில் சொல்லட்டும் என்று நினைத்தாள். காய்ந்தபின் எல்லாம் ஒரே நிறம். பைகளைத் தைத்ததும் அவள்தான்.

இப்போது இருபது பையும் லொறியில். முதலில் மகாதேவியின் பாத்திகளுக்குத்தான் போகும். அந்த விளைச்சலைப் பார்த்துத்தான் கொம்பனி மெசினை விடுவதா எடுப்பதா என்று சொல்லும்.

யசிந்தா கிட்ட வந்து குரலைத் தணித்தாள்.

"நாளைக்குத்தான் உனக்குத் தெரியோணுமெண்டவ மகாதேவி அக்கா. நீ விடமாட்டாய், சொல்லுறன். அவ எனக்குப் போன் எடுத்தது ஒப்பந்தத்திலை உன்ரை பேரையும் போடச்சொல்லி. ஸ்ரெல்லா அலசின கோதெண்டால் ஒண்டும் பாராமல் கொட்டுவன் எண்டு கொம்பனிக்காரருக்கும் சொல்லிப்போட்டாவாம்."

வெளியே சாரதி பைகளுக்கு மேல் படங்கை இழுத்துக் கட்டி, லொறியில் ஏறினான். ஸ்ரெல்லா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏனடி பேயறைஞ்ச மாதிரி நிக்கிறாய்?" என்றாள் யசிந்தா. "இருபதையும் நாக்கிலை வைச்சுப் பாத்தனிதானே?"