பற்று முதலில்

1

அன்று கிட்டங்கியில் (செட்டியார்கள் கடை நடத்தி, தங்கவும் செய்யும் கட்டடம்) இருந்தவர்கள்: வட்டிக்கடையை நடத்தும் மேலாள் உலகப்பன், கணக்கெழுதும் அடுத்தாள் வள்ளியப்பன், சமையல்காரர் சதாசிவம். ஊர் மலாயாவின் ஜொகூர் பாரு. வருடம் 1934.

கதை வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். கணக்கியல் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். ஆலையில் ராத்திரி வேலையின்போது ஒரு சந்தேகம் வந்தது. செட்டியார் பேரேட்டில் வரவு இடப்பக்கம், பற்று வலப்பக்கம். இங்கிலீஷ் கணக்கில் நேர்மாறு. நடுவில் மாட்டிக்கொண்டவன் என்ன ஆனான்? அவனுக்குத்தான் வள்ளியப்பன் என்று பெயர் வைத்தேன்.

2

'வள்ளியப்பன் ஒரு மேதை' என்று தொடங்கி அடித்துவிட்டேன். மேதை இல்லை. சிங்கப்பூரில் நடக்கும் சீமைக் கணக்கர் பரீட்சைக்கு இரண்டாம் முறையாகப் படிக்கிறான். போன முறை தொகையெல்லாம் சரி, பக்கமெல்லாம் தப்பு. தேறினால் பாங்கில் வேலை. ஊரிலிருந்து மனைவி நாச்சியம்மையைக் கூட்டிவரலாம். (கிட்டங்கியில் பெண்கள் தங்க வழக்கமில்லை.) தேறாவிட்டால் அவள் அங்கே, இவன் இங்கே.

"பற்று இடப்பக்கம், பற்று இடப்பக்கம்" என்று முணுமுணுத்தபடியே சாப்பிட உட்காருவான்.

"அப்போ இனிமே பீச்சாங்கையாலயே சோறு போடவா, அண்ணே?" என்பார் சதாசிவம்.

உலகப்பன் சிரிக்கமாட்டார். "வரவை எழுதாம எவனாச்சும் பற்றை முதல்ல எழுதுவானா? வெளங்குமா அந்தக் கடை?"

3

உலகப்பனை வில்லனாக்க நினைத்தேன். அவர் விடுப்புத் தர மறுக்க, வள்ளியப்பன் பின்வாசல் வழியாக நழுவி...

[விட்டுவிட்டேன். அந்தக் கிட்டங்கிக்குப் பின்வாசல் கிடையாது. அவரும் அப்படிப்பட்ட ஆள் இல்லை.]

பரீட்சை நாள் காலை. உலகப்பன் முருகன் படத்தின் முன் நின்று அவன் நெற்றியில் திருநீறு பூசினார். வெற்றுத்தாள் ஒன்றை நீட்டினார்.

"எழுது. பற்று முதல்ல."

"நம்ம கடையிலயா, அண்ணே?"

"எழுதுங்கிறேன்ல. கைக்குப் பழக வேணாமா? சாமி கோவிச்சா நான் பேசிக்கிறேன்."

எழுதினான். இடப்பக்கம், பற்று. கண் கலங்கியது என்றெல்லாம் எழுதமாட்டேன். காலில் விழுந்தான். அது போதும்.

4

தேறினான் என்று ஒரு முடிவு வைத்திருக்கிறேன். பழக்கதோஷத்தில் கை மறுபடியும் பக்கம் மாறியது என்று இன்னொன்று. இரண்டையும் தரப்போவதில்லை, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். வழக்கத்தையே மாற்றி எழுதச் சொல்ல அவனுக்கு ஒரு மனிதர் வாய்த்தார். நன்றி சொல்ல எனக்கு அந்த ஒன்று போதும்.

"போயிட்டு வர்றேன், அண்ணே" என்றான், அன்று காலை பரீட்சைக்குக் கிளம்பும்போது.

"வேலைக்கு வராதே. நாச்சியம்மையைக் கூட்டிக்கிட்டு விருந்தாளியா வா."

அவன் படியிறங்கியதும், மனம் மாறித் திரும்பிவிடக் கூடாதே என்று, உலகப்பன் உள்ளிருந்து கதவைச் சாத்திப் பூட்டினார்.