நாலு பல் பட்ட சங்கு வளையல்

தோண்டி எடுத்த நகைகளைக் கேட்டு அவற்றின் சொந்தக்காரர்கள் வரும் நாள் செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்கே அருங்காட்சியகத்தின் பின்பக்க வராந்தாவில் வரிசை கட்டிவிடுவார்கள். சூதுபவள மணிக்கு வந்தவர்கள் ஒருபக்கம், சுடுமண் காதணிக்கு வந்தவர்கள் ஒருபக்கம். இரண்டாயிரம் வருஷத்து ஆட்களாக இருந்தாலும் டோக்கன் வாங்கித்தான் ஆகவேண்டும்.

பூதிக்கு அன்று ஏழாம் நம்பர். அவள் கேட்டு வந்தது ஒரே ஒரு சங்கு வளையல். அதன் விளிம்பில் நாலு பள்ளம் இருந்தது. பல் முளைக்கிற நமைச்சலில் அவள் மகன் கடித்துக் கடித்து விழுந்த பள்ளம். எட்டாம் மாதத்தில் காய்ச்சல் கண்டு போய்விட்டான். அவர்கள் வழக்கத்தில் ஒரு வயது நிறைந்தால்தான் பெயர் வைப்பார்கள், ஆகவே பெயரும் இல்லை. புதைக்கிற தாழிக்குள் வளையலையும் அவனோடு வைத்தாள். எலும்பெல்லாம் மண்ணாகிவிட்டது. அவனுடையது என்று உலகத்தில் மிச்சம் இருப்பது அந்த நாலு பள்ளம்தான்.

கண்ணாடிப் பெட்டியில் சீட்டு எழுதி ஒட்டியிருந்தார்கள்: ‘நான்கு எழுத்துகள் பொறித்த வளையல். மன்னன் ஒருவனின் பெயராக இருக்கலாம்.’ யாராவது அதை வாசித்து அந்த ‘இருக்கலாம்’ காதில் விழும்போதெல்லாம் பூதிக்குப் பற்றிக்கொண்டு வரும். புரியாததை எல்லாம் ராஜா தலையில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குகிற கூட்டம் அது.

“வளையல் ராஜாவுதும்மா. வேணும்னா அவரை வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கச் சொல்லுங்க” என்றார் காப்பாட்சியர் ஏகாம்பரம், நிமிர்ந்தே பார்க்காமல்.

“எழுத்தும் இல்ல, மயிரும் இல்ல. பால்குடிப் பய கடிச்சதுய்யா! உங்க வீட்டுப் பிள்ளைக்கெல்லாம் பல்லே மொளைக்கலயா?”

“எழுத்து இல்லைங்கிறதை எழுத்துமூலமா குடுங்க. பரிசீலிக்கிறோம்.”

“எனக்கு எழுதத் தெரியாதே.”

“அப்ப தள்ளி நில்லுங்க. எட்டு!”

பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் இப்படிப் பேச எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! ஏகாம்பரத்துக்கு அது வேலையில் சேர்ந்த அன்றே நாற்காலியோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டிருந்தது. பதினோரு செவ்வாய்க்கிழமையாக இதே பதில். பூதிக்கு உச்சந்தலைவரை ஏறியது. குனிந்தாள். அவருடைய தேக்கு மேசையின் விளிம்பை வாய் கொள்ளுமட்டும் பிடித்து, தாடை நடுங்க ஒரே கடி.

ஏகாம்பரம் மணியடித்தார். கல்வெட்டாய்வாளர் எஸ்தர் மேடம் ஈரத் தாளும் மையும் எடுத்துக்கொண்டு வந்தார். பல் பட்ட இடத்தில் தாளை ஒட்டி, தட்டி, மைப்படி எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இடமிருந்து வலமாகப் படித்தார்.

“‘அரசனும் இல்லை, ஆண்டியும் இல்லை. கடித்தது என் பிள்ளை. கொடுத்துவிடு, பாவி.’ அவ்வளவுதான் சார். கையெழுத்து கடைவாய்ப்பல்லுல இருக்கு.”

“மனு முறையா இருக்கு” என்றார் ஏகாம்பரம். தச்சரை வரவழைத்து மேசை விளிம்பை அறுத்து எடுத்து, ‘பெறப்பட்டது’ என்று முத்திரை குத்தினார். வரிசையில் நின்றவர்கள் அவரவர் டோக்கனைச் சரிபார்த்துக்கொண்டார்கள்.

மனு எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியிலேயே பதில் தரவேண்டும் என்பது அலுவலக விதி. ஏகாம்பரம் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். புதுப் பலகை ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து, அழுத்தமாகக் கடித்து, பூதியிடம் நீட்டினார்.

இந்த எழுத்து பூதிக்குத் தெரியும். விரலால் தடவிப் படித்தாள். ‘தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது’ என்று இருந்தது. கீழ்வரிசையில் ஏகாம்பரத்துக்கு இரண்டு பல் இல்லாததால் தேதி மட்டும் விழவில்லை.